இருமை போனதற்குச் சுக்சிதான் காரணமா? ஆர்க்டிக் அண்டை மொழிகளும் இலக்கணக் கடனும்

விகுதிவேட்டை (கேள்வி):

பெரிங் நீரிணையின் ஆசியக் கரையில் பேசப்பட்ட சிரெனிக் மொழியில் இருமை எண் கிடையாது. பக்கத்திலேயே இருந்த யூப்பிக் மொழிகளில் உண்டு. ஒன்று, இரண்டு, பல என்று மூன்றாகப் பிரிப்பார்கள். அண்டையில் பேசப்படும், வேறு குடும்பத்தைச் சேர்ந்த சுக்சி மொழியில் ஒருமையும் பன்மையும் மட்டும்தான். "சுக்சியோடு பழகியதால் சிரெனிக் இருமையை இழந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

கூடவே இன்னொன்று. சொல் கடன் போவது புரிகிறது. பொருள் வரும்போது பெயரும் வரும். ஆனால் விகுதியும் உருபும் எப்படி ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகின்றன? ஒற்றுமை தெரிந்தவுடன் "கடன்" என்று எழுதும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கடலோரம்:

இருமையிலிருந்தே தொடங்கலாம். சிரெனிக்குக்கும் யூப்பிக்குக்கும் உறவு மொழியான கனடாவின் இனுக்டிட்டூட்டில் இனுக் என்றால் ஒரு மனிதர், இனூக் என்றால் இரண்டு பேர், இனுயிட் என்றால் பலர். அதே குடும்பத்தின் மேற்கு கிரீன்லாந்து மொழியில் இனுக், இனுயிட் இரண்டுதான். நடுவில் இருந்தது காணோம். சுக்சி பேசும் இடத்துக்கும் மேற்கு கிரீன்லாந்துக்கும் இடையே ஒரு கண்டமே கிடக்கிறது. ஆக, இந்தக் குடும்பத்தில் இருமை தானாகவே உதிரக்கூடிய ஒன்று என்பதற்குக் கையிலேயே சாட்சி இருக்கிறது.

மறுபக்கமும் பாருங்கள். ஸ்காண்டிநேவியாவின் வடக்கே பேசும் வட சாமியில் முன் (நான்), மோவாய் (நாம் இருவர்), மீ (நாம் பலர்) என்று மூன்றும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன, வினை விகுதியிலும்தான். சுற்றி இருக்கும் ஃபின்னிஷ், நார்வேஜியன், ஸ்வீடிஷ் எதிலும் இன்று இருமை இல்லை. சாமி பேசுகிறவர்களில் பெரும்பாலோர் இவற்றில் ஒன்றையாவது சரளமாகப் பேசுவார்கள். அப்படியும் போகவில்லை. "அண்டை மொழியில் இல்லை, அதனால் இங்கும் போயிற்று" என்ற வாதம் இரண்டு பக்கமும் ஓட்டை. சுக்சி ஒரு தள்ளு தள்ளியிருக்கலாம். ஆனால் இருமையை மட்டும் வைத்து வழக்கை ஜெயிக்க முடியாது. சிரெனிக்கைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆள் 1997 ஜனவரியில் இறந்துவிட்டார். இனி புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை, பதிவானது மட்டுமே ஆதாரம்.

சுக்சியின் கை தெளிவாகத் தெரியும் இடம் வேறு: இடைச்சொற்கள். யூப்பிக் குடும்பத்தில் வாக்கியங்களைக் கோர்ப்பது பெரும்பாலும் வினையின் வேலை. நாம் "வந்து", "வந்தால்", "வந்தபோது" என்று எச்சமாக்கிக் கோர்ப்பது போலத்தான், ஒரு வேறுபாட்டோடு: அங்கே அந்தச் சார்பு வினைகளும் யார் செய்தார் என்ற விகுதியைச் சுமக்கும். "மற்றும்", "ஆனால்" மாதிரித் தனிச்சொல்லுக்கு அங்கே அவ்வளவு தேவை இருக்கவில்லை. அந்த மொழிக்குள் சுக்சியிலிருந்து இணைப்புச் சொற்களும் வினையடை போன்ற சிறு சொற்களும் வண்டி வண்டியாக வந்து சேர்ந்தன. சைபீரிய யூப்பிக்கில் "அப்புறம், -உம்" என்ற பொருளில் வரும் எங்காம், சுக்சியின் எங்க்அம் என்பதே.

கவனிக்க வேண்டியது, வந்த சொல் பழைய விகுதியைத் துரத்தவில்லை. சார்பு வினை தன் விகுதியோடு அப்படியே நிற்கும். அதன் தலைமாட்டில் சுக்சிச் சொல் ஒன்று கூடுதலாக உட்காரும். ஒரே வேலைக்கு இரண்டு ஆள். இடைச்சொல் இவ்வளவு சுலபமாகக் கைமாறக் காரணம் சாதாரணமானது: அதற்கு விகுதி ஒட்ட வேண்டாம், வாக்கியத்தின் விளிம்பில் நிற்கும், மொழி தெரியாதவர் காதில்கூடத் தனியாக விழும்.

சொற்கள் போன போக்கு ஒருவழி. கலைமான் மேய்த்த சுக்சிகளிடமிருந்து தோலும் கலைமான் இறைச்சியும் கடற்கரைக்கு வந்தன; கடல் விலங்குக் கொழுப்பும் தோலும் உள்நாட்டுக்குப் போயின. பேரம் நடந்தது சுக்சியில். யூப்பிக்காரர்கள் சுக்சி கற்றார்கள், எதிர்ப்பக்கம் அந்த அளவுக்கு நடக்கவில்லை. கடன் எந்தப் பக்கம் ஓடியது என்று கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: யார் யாருடைய மொழியைக் கற்றார்கள்?

இதைச் சோதிக்க இயற்கையே ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. அலாஸ்காவின் செயின்ட் லாரன்ஸ் தீவில், கேம்பெல், சவூங்கா ஊர்களில் பேசுவதும் எதிரே ரஷ்யக் கரையில் உள்ள சுக்கோட்காவின் சாப்லினோ யூப்பிக்கும் ஒரே மொழிதான். 1948இல் சோவியத்-அமெரிக்க எல்லை மூடப்பட்டது. தீவிலும் சுக்சி இடைச்சொற்கள் இருக்கின்றன என்றால் அவை அதற்கு முந்தியவை. தீவில் இல்லாமல் சாப்லினோவில் மட்டும் உள்ளதைப் பிந்திய வரவு என்று சந்தேகிக்கலாம். அலாஸ்கா நிலப்பரப்பின் மத்திய யூப்பிக் சுக்சியோடு இப்படிப் பழகாதது. ஒப்பிட அதை அட்டவணையின் மூன்றாவது பத்தியில் வையுங்கள்.

லேனாக்கரை:

மேலே சொன்னது ஒலியோடு சேர்ந்து வரும் கடன். ஒலி துளியும் வராமல் அச்சு, அதாவது பயன்படுத்தும் முறை, மட்டும் வரும் வகைதான் பிடிபடச் சிரமம். அதற்கு சகா (யாகுத்) மொழியைப் பாருங்கள். துருக்கியக் குடும்பம், பைக்கால் பக்கத்திலிருந்து வடக்கே லேனா நதிப் பகுதிக்குப் போன மொழி. அங்கே எவெங்கி (துங்கூசியக் குடும்பம்) பேசுகிறவர்களோடு நெடுங்காலப் பழக்கம்.

துருக்கிய மொழிகளில் -த, -தா என்பது பொதுவாக "இல்" உருபு. சகாவில் அந்த வேலையை "கு" உருபு எடுத்துக்கொண்டது. வீட்டுக்கு, வீட்டில் இரண்டுக்கும் ஜியெ-கெ. வேலையிழந்த -த வேறொரு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது:

ஊ-னு அகல்: அந்தத் தண்ணீரைக் கொண்டு வா.
ஊ-த அகல்: கொஞ்சம் தண்ணீர் கொண்டு வா.

(தமிழ் எழுத்தில் தோராயம்தான். "அகல்" மட்டும் கிட்டத்தட்ட அப்படியே ஒலிக்கும். நடுவில் வரும் நம் ககரம் அங்குள்ள ஒலிக்கு நன்றாகப் பொருந்துகிறது.)

இரண்டாவதில் உள்ள -த, முழுமையில் ஒரு பங்கைக் குறிக்கும் வேற்றுமை. எல்லா வாக்கியத்திலும் வராது. ஏவலிலும் "வேண்டும்" என்ற தேவை வாக்கியத்திலும்தான் இதற்கு இடம். இப்போது எவெங்கியைப் பாருங்கள். அங்கே செயப்படுபொருளுக்கு இரண்டு உருபு: மூ-வெ என்றால் குறிப்பிட்ட அந்தத் தண்ணீரை, மூ-யெ என்றால் ஏதோ கொஞ்சம் தண்ணீர். மூ-யெ எமெவ்கெல் என்றால் "தண்ணீர் கொண்டு வா". பயன்பாட்டின் எல்லை நன்றாக ஒத்துப்போகிறது, உருபின் ஒலியில் ஒட்டுறவே இல்லை. சகா தன் வீட்டுப் பழைய உருபை எடுத்து எவெங்கி அச்சில் வார்த்தது போல இருக்கிறது.

ஏவலும் அப்படியே. சகாவில் பர் என்றால் இப்போதே போ. பரார் என்றால் பிறகு போ. எவெங்கியிலும் உடனடி ஏவலுக்கு -கல், பிந்திய ஏவலுக்கு -தாவி என்று இரண்டு. "ஓடு" உருபும் கணக்கில் சேரும்: சகாவில் -லீன் என்று தனி வேற்றுமை, எவெங்கியில் -நுன். பல துருக்கிய மொழிகள் இந்த வேலையை வேற்றுமையாக்காமல் தனிச் சொல்லுருபால் முடித்துக்கொள்கின்றன.

எச்சவினை:

லேனாக்கரை சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் இரண்டு இடத்தில் பிரேக் போட வேண்டும்.

முதலாவது, பழைய துருக்கியில் அந்த -த "இல்" மட்டுமன்றி "இலிருந்து" என்ற பொருளிலும் வந்திருக்கிறது. "தண்ணீரிலிருந்து கொண்டு வா" என்பது "கொஞ்சம் தண்ணீர்" ஆக மாறுவதற்குப் பெரிய தாவல் தேவையில்லை. விதை உள்ளூர். எவெங்கியின் பங்கு, அந்த விதை எந்த எல்லைக்குள் முளைத்தது என்பதில் இருக்கலாம். ஏவலோடு ஒட்டிக்கொண்டதே அதற்கு நல்ல சாட்சி. "கடனா, சொந்த வளர்ச்சியா" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே இங்கே தப்பான கேள்வி.

இரண்டாவது, மூன்றாவது ஆளை மறந்துவிட்டார். சகாவில் மங்கோலியக் கடன் சொற்கள் ஏராளம். மங்கோலிய மொழிகளிலும் "ஓடு" உருபு உண்டு. மங்கோலியனில் "பிறகு செய்" வகை ஏவலின் விகுதி -ஆரை. சகாவின் பரார் என்பதில் உள்ள -ஆர் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயன்பாடு எவெங்கிக்கும் பொருந்துகிறது, வடிவம் மங்கோலியத்தைப் பார்த்து நிற்கிறது. இரண்டு மொழிகளை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு இது கண்ணில் படவே படாது.

வராததையும் எழுதி வைக்க வேண்டும். எவெங்கியில் எதிர்மறை தனியே ஒரு துணைவினை. ஆள் விகுதி அதன் மேல் ஏறும், முதன்மை வினை ஆள் விகுதி இல்லாமல் பின்னால் நிற்கும். சகாவில் -ப, -ம என்று வினைக்குள் ஒட்டும் துருக்கிய எதிர்மறைதான். சகாவுக்கு நெருங்கிய உறவான டொல்கனிலும் அதுவே. டொல்கன் பேசுவோரின் முன்னோரில் எவெங்கிகள் கணிசம். அப்படியும் எதிர்மறை அசையவில்லை. பட்டியலில் "வந்தது" பத்தி மட்டும் இருந்து "வரவில்லை" பத்தி இல்லாவிட்டால், எந்த இரண்டு மொழிக்கும் கடன் உறவு காட்டிவிடலாம்.

விகுதிவேட்டை:

நன்றி. அப்படியானால் இடைச்சொல் போகும், அச்சு போகும், ஆனால் வினையின் ஆள் விகுதி (-ஏன், -ஆய், -ஆன் மாதிரி) அப்படியே ஒலியோடு கடன் போவது நடக்காது என்று எடுத்துக்கொள்ளலாமா?

செப்புத்தீவு:

அது நடந்த இடம் ஒன்று இருக்கிறது. கம்சட்காவுக்குக் கிழக்கே கமாண்டர் தீவுகளில் உள்ள மெத்னி தீவு (பெயருக்குப் பொருள் "செப்பு"). 1820களில் ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனி அலூஷியன் தீவுகளின் அலூட் மக்களைக் கொண்டுபோய் இந்தத் தீவுகளில் குடியேற்றியது. ரஷ்ய ஆண்களும் அலூட் பெண்களும் சேர்ந்த குடும்பங்கள் உருவாயின. பக்கத்து பெரிங் தீவில் அலூட் அலூட்டாகவே இருந்தது. மெத்னியில் மட்டும் இப்படி ஆயிற்று ("உட்காருகிறேன், உட்காருகிறாய், உட்காருகிறான்"):

பெரிங் தீவு: உஙுச்சி-கு-க், உஙுச்சி-கு-ஹ்த், உஙுச்சி-கு-ஹ்
மெத்னி தீவு: உஙுச்சி-யு, உஙுச்சி-இஷ், உஙுச்சி-இத்

அடிச்சொல் அலூட். நிகழ்காலம் காட்டும் -கு- போய்விட்டது. கடைசியில் நிற்பவை அச்சு அசல் ரஷ்ய விகுதிகள். பன்மையிலும் அப்படியே: -இம், -இதி, -யுத். இறந்த காலத்துக்கு ரஷ்ய -ல். ரஷ்ய மொழியில் இறந்த கால வினை யார் என்று காட்டாது என்பதால் அந்தக் குறையும் சேர்ந்தே வந்தது: யா உஙுச்சி-ல் என்று ரஷ்ய மூவிடப்பெயரை முன்னால் வைத்துத்தான் "நான்" தெரியும். எதிர்மறையும் ரஷ்யன். ஆனால் பெயர்ச்சொல் பக்கம் போனால் வேற்றுமையும் உடைமை விகுதியும் அலூட். அடியிலிருந்து புதுச் சொல் ஆக்கும் விகுதிகளும் அலூட்தான். கத்தி வைத்து வெட்டியது போல, வாக்கியத்தை முடிக்கும் வினை முற்று மட்டும் கைமாறியிருக்கிறது.

ஏன் என்பதில் இரண்டு கருத்து. ரஷ்ய ஆண்கள் அலூட்டின் கடினமான வினை முற்றுகளைக் கற்காமல் தங்கள் விகுதியை ஒட்டினார்கள், பிள்ளைகள் அதையே பிடித்துக்கொண்டார்கள் என்பது ஒன்று. இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்த கலப்புக் குடும்பத்தார் தங்களைத் தனியாகக் காட்டிக்கொள்ள, முதலில் விளையாட்டாகவும் பிறகு வழக்கமாகவும் கலந்தார்கள் என்பது இன்னொன்று. வெட்டு இவ்வளவு சுத்தமாக விழுந்திருப்பதைப் பார்த்தால் இரண்டாவதுதான் எனக்கு நம்பும்படி இருக்கிறது. அரைகுறையாகக் கற்றவர்கள் இவ்வளவு ஒழுங்காகப் பிழை செய்வதில்லை. 1970 வாக்கில் தீவு காலியாகி மக்கள் பெரிங் தீவின் நிக்கோல்ஸ்கோயேவுக்குப் போனார்கள். கடைசியாகப் பேசியவர் 2022இல் இறந்தார்.

இது கலப்பு மொழி, தனி ரகம், கணக்கில் சேராது என்று ஒதுக்க நினைத்தால் எவெங்கிக்கு உறவான எவென் மொழியைப் பாருங்கள். வெர்கோயான்ஸ்க் மலைத்தொடரின் செபியான்-குயோல் ஊரில் பேசும் லாமுன்கின் கிளைமொழியைக் கலப்பு மொழி என்று யாரும் சொல்வதில்லை, எவென்தான். அங்கே "செய்ய வேண்டும்" என்ற கட்டாய வடிவம் சகாவிலிருந்து வந்திருக்கிறது, அதோடு ஒட்டும் சகா ஆள் விகுதிகளையும் இழுத்துக்கொண்டு. ஒற்றை விகுதியாக வராமல், நான், நீ, அவன் என்று வரிசை முழுதும் ஒரு கட்டாக வந்தது என்பதுதான் விஷயம். மெத்னியிலும் அப்படித்தான். ஆள் விகுதி கடன் போகிறதென்றால் வாய்ப்பாட்டோடு போகிறது.

பொமோர்:

பக்கவாட்டுத் தகவல். வணிகத்துக்காக எழுந்த கலவைகளில் இதெல்லாம் இன்னும் அப்பட்டமாகத் தெரியும். வட நார்வேயில் ரஷ்யப் பொமோர் வணிகரும் நார்வே மீனவரும் 1917 வாக்கில் வரை பேசிய ருஸ்ஸெநோர்ஸ்க்கில் ஏறக்குறைய எல்லா உறவுக்கும் ஒரே முன்னிடைச்சொல்: போ. ரஷ்யனிலும் நார்வேஜியனிலும் கிட்டத்தட்ட ஒரே ஒலியில் இருந்ததால் அதற்கு அந்த யோகம். மோயா போ த்வோயா என்றால் "நான் உன் மொழியில்". வினை என்று காட்ட -ஓம்: ஸ்லிப்போம் என்றால் தூங்குவது. தமிழ்க் காதுக்குத் தன்மைப் பன்மை போல இருக்கும். சம்பந்தம் கிடையாது, ஏமாற வேண்டாம். ஒலி ஒற்றுமையை நம்பி ஓடுகிறவர்களுக்கு இதை அனுப்பி வையுங்கள்.

வட சைபீரியாவின் தைமிரில் நங்கானசன், டொல்கன் மக்கள் புழங்கிய கோவோர்க்கா ரஷ்யச் சொற்களால் ஆனது. ஆனால் வினை கடைசியில் வரும், முன்னிடைச்சொற்கள் பின்னால் போய்விடும். "நான்" என்பதற்கு மென்யா (ரஷ்யனில் "என்னை"). "இடம்" என்று பொருள்படும் மெஸ்தோ பெயருக்குப் பின் நின்று "கு", "இல்" வேலை பார்க்கும். என்னிடம், உன்னிடம் என்று நாம் சொல்வதை நினைத்துக்கொண்டால் விளக்கவே வேண்டாம்.

எச்சவினை:

விகுதிவேட்டை முதல் பதிவின் கடைசியில் கேட்டதற்கு (எதையெல்லாம் பார்ப்பது) நடைமுறையாக:

உறவு மொழிகளில் அண்டையோடு பழகாத ஒன்றையாவது சேர்த்து அட்டவணை போடுங்கள். இது இல்லாமல் எழுதியதைப் படிக்கவே வேண்டாம்.

வாக்கியங்களை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது அடுத்தது. பெரிய தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. ரஷ்ய வாக்கியத்தைக் கொடுத்து "உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்" என்று கேட்டு வாங்கிய வாக்கியத்தில் ரஷ்யச் சொல்வரிசையும் இணைப்புச் சொல்லும் ஏறி உட்கார்ந்திருக்கும். அதை மொழியின் இயல்பு என்று எண்ணிவிடுவோம். பள்ளிப் பாடநூல்களிலும் மொழிபெயர்ப்பு வாடை பலமாக இருக்கும். வாய்வழிக் கதைகளே பாதுகாப்பு. சைபீரிய யூப்பிக்குக்கு இனவியலாளர் போகராஸ் 1901 வாக்கில் பதிந்தவை 1913இல் அச்சானவை. மொழியியலாளர் ருப்த்சோவாவின் சாப்லினோத் தொகுப்பு 1954இல் வந்தது. முந்தியது ரஷ்யப் பள்ளிகள் பரவுவதற்கு முன்பானது. இரண்டிலும் சம அளவு பக்கம் எடுத்து, ஒவ்வொரு சார்பு வினையையும் குறித்து, அதன் முன் இடைச்சொல் நிற்கிறதா, நின்றால் அது சுக்சியா ரஷ்யனா என்று மூன்று பத்தியில் எண்ணுங்கள். எழுத்துமுறையில் மட்டும் ஜாக்கிரதை: 1932இல் லத்தீன் எழுத்து, 1937இல் சிரிலிக். ஒரே சொல் மூன்று விதமாக எழுதியிருப்பதைப் பார்த்து மூன்று சொல் என்று எண்ணிவிடக் கூடாது.

அண்டை ஒன்றுக்கு மேல் இருந்தால் "யாரிடமிருந்து" என்பதை அவசரப்பட்டு எழுத வேண்டாம். வட சாமியில் குல்லாட் ஒக்தீ என்றால் சொல்லுக்குச் சொல் "சேர்ந்து கேட்பது". பொருள் "ஒன்றையொன்று சேர்ந்தது". நார்வேஜியனில் ஹோரெ சம்மென், ஸ்வீடிஷில் ஹோரா இஹோப், ஃபின்னிஷில் கூலுவா யூஹ்தேன் என்று அதே உருவகம், எல்லாவற்றிலும் காதால் கேட்பது தொடர்பான வினையே. இதில் ஒரே ஒரு மொழியைக் குற்றவாளியாக்க முடியாது. 

கடலோரம்:

மேலே நான் எழுதியதில் ஒரு திருத்தம், யாரும் பிடிக்கும் முன் நானே போட்டுவிடுகிறேன். சாமியில் இருமை உண்டு என்றது மூவிடப்பெயர் (நான், நீ, அவன் போன்றவை), வினை விகுதி, உடைமை விகுதிக்கு. பெயர்ச்சொல்லில் ஒருமை, பன்மை மட்டும்தான். "இரண்டு வீடு" என்பதற்குத் தனி வடிவம் கிடையாது. இனுக்டிட்டூட்டின் இனூக் பெயர்ச்சொல்லிலேயே இருமை. ஆக நான் ஒப்பிட்ட இரண்டும் ஒரே இடத்து இருமை இல்லை. வாதம் விழவில்லை, ஆனால் சிரெனிக்குக்கு அட்டவணை போடும்போது பெயரில் ஒரு வரி, மூவிடப்பெயரில் ஒரு வரி, வினையில் ஒரு வரி என்று தனித்தனியாகப் போடுங்கள்.

விகுதிவேட்டை:

மூன்று வரியாகப் பிரிக்கிறேன். பத்திகள்: சிரெனிக், சாப்லினோ, செயின்ட் லாரன்ஸ், மத்திய அலாஸ்கா யூப்பிக், மேற்கு கிரீன்லாந்து, சுக்சி. "வரவில்லை" என்றும் ஒரு பத்தி சேர்த்தாயிற்று.